பூதிகோட்டை பஸ்ஸுல மெசினைத் தூங்க வெச்ச கதை

தூங்கறவனை எழுப்பினாலும் திட்டு, எழுப்பாம விட்டாலும் திட்டு. அந்த ரெண்டு திட்டையும் வாங்கிக்கறதுக்கு மாசாமாசம் சம்பளம் தர்ற தொழில் என்னுது.

பஸ்ஸுல கண்டக்டருங்க கையில வெச்சிக்கினு டர்ர்ருன்னு டிக்கெட் கிழிக்கறாங்களே ஒரு மெசினு, அத்தத் தூங்க வெச்சி எழுப்பறதுதான் என் வேலை. கைக்கொழந்தை வெச்சிருக்கற பொம்பளைங்க கேட்டா, "இதுக்கெல்லாமா சம்பளம்?"னு சண்டைக்கு வருவாங்க. ஆனா மத்தியானத்துக்குள்ளயே போன்ல சார்ஜு காலியாவுதுன்னு அழுவறீங்களே, பாக்கற சொவத்துல எல்லாம் பிளக்கு தேடறீங்களே, நீங்கதான் என் சொந்தக்காரங்க. உங்களுக்குத்தான் இத்தச் சொல்றேன்.

மெசினுக்குள்ள ஸ்கிரீனு இருக்குது, பிரிண்டரு இருக்குது, சிம்மு இருக்குது. எல்லாம் எந்நேரமும் முழிச்சிக்கினே இருந்தா, காலையில பத்து மணிக்கே பேட்டரிக்குப் பால் ஊத்த வேண்டியதுதான். அதனால வேலை இல்லாதவனைத் தூங்கச் சொல்லி, வேலை வந்தா எழுப்பிவிட உள்ளார ஒரு மேஸ்திரி இருக்கான். கெர்னல்னு பேரு. அவனுக்குப் புத்தி சொல்லி எழுதறவங்க கௌதமி மேடம். எங்க கேஜிஎப் சுரங்கத்து லைன் வூட்டுப் பொண்ணுதான், என்னைவிடப் பத்து வயசு சின்னது. ஆபீஸ்ல நான் மேடம்னு கூப்பிடுவேன், அவங்க என்னை அண்ணான்னு கூப்பிடுவாங்க. அவங்க எழுதினத மேஸ்திரி கேக்கறானா இல்லயான்னு பஸ்ஸுல போயி பாத்துட்டு வர்றவன் நான், சம்பத்து.

கம்பெனி பெங்களூர்ல. எங்க ரெண்டு பேருக்கும் கேஜிஎப்புலயே பாலகாட் பக்கத்துல ஆபீஸுன்னு ஒரு வாடகை ரூமு போட்டுக் குடுத்திருந்தாங்க. பூதிகோட்டை ரூட்ல பஸ் வுடற மஞ்சண்ணா, "ஒரு மாசம் ஒரு பஸ்ஸுல ஓட்டிப் பாரு. கடைசியில ஒருநாள் நானே வந்து உக்காருவேன். காலையில சார்ஜு போட்டது கடைசி டிரிப் வரைக்கும் நிக்கணும். நின்னா என் எட்டு பஸ்ஸுக்கும் வாங்கறேன், நிக்கலன்னா எடுத்துக்கினு போயிடு"ன்னுட்டாரு. கம்பெனிக்காரன் அதுக்கும் மேல. மஞ்சண்ணா வேணாம்னா ரூமைப் பூட்டிடுவேன்னுட்டான். பூட்டினா மேடம் பழையபடி விடியக்காலையில பெங்களூர் ரயிலேறணும். எனக்கு ஏர்றதுக்கு ரயிலும் இல்ல, பஸ்ஸும் இல்ல. ஏன்னா நான் கண்டக்டரா இருந்ததும் மஞ்சண்ணா ஓட்டிப் பாக்கக் குடுத்த அதே பஸ்ஸுலதான், நான் விட்ட எடத்துல தயாளன்னு ஒருத்தன் வந்து உக்காந்துட்டான்.

இண்டர்வியூ

மேடம் என்னை வேலைக்கு எடுத்ததே ஒரு கூத்து. "அண்ணா, இன்னா படிச்சிருக்கீங்க?"ன்னாங்க. "ஏழாவது மேடம். ரொம்பப் பிடிச்சிப்போயி ரெண்டு வருஷம் படிச்சேன்." "கம்ப்யூட்டர் தெரியுமா?" "தெரியும் மேடம், பக்கத்து வூட்ல இருக்குது." சிரிப்ப அடக்கிக்கினு, "தூக்கம் சம்பந்தப்பட்ட வேலைண்ணா, அதுல எதுனா அனுபவம் இருக்குதா?"ன்னு கேட்டாங்க. கேட்டாங்களே ஒரு கேள்வி!

"மேடம், பதினாலு வருஷம் கண்டக்டரு. பங்காருபேட்டையிலேர்ந்து பூதிகோட்டை போய்ச் சேர்றதுக்குள்ள ஆறு வாட்டி தூங்குவேன். ஸ்டாப்பு வர்றதுக்கு ஒரு பர்லாங்கு முன்னாடி தானா முழிச்சிக்குவேன். ஒரு ஸ்டாப்பு விட்டது கிடையாது. ஆனா முழுசாத் தூங்க மாட்டேன். கண்ணு தூங்கும், காது தூங்காது. காலு தூங்கும், பையைப் பிடிச்சிருக்கற கை தூங்காது. எவனாவது 'ஓல்டான்'ன்னு கத்தினா காது போயி கண்ணை எழுப்பும், கண்ணு போயி காலை எழுப்பும்"னு சொல்லிக்கினே போனேன். மேடம் சிரிக்கறத நிறுத்திட்டு நோட்டுல எழுத ஆரம்பிச்சிட்டாங்க. எழுதி முடிச்சி நிமிந்து சொன்னாங்க: "அண்ணா, மூணு மாசமா நான் அந்த மேஸ்திரிக்கு இத்தத்தான் சொல்லிக்கினு இருக்கேன், அவன் கேக்க மாட்டேங்கறான். நீங்க நாளைக்கே வந்துடுங்க."

வூட்ல ஒத்திகை

மொத வேலை, மெசினை எரநூறு வாட்டி தூங்க வெச்சி எரநூறு வாட்டி எழுப்பி, ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல ஒரு கோடு போடணும். எங்கனா ஒருவாட்டி எழுந்துக்கலன்னா சுழி போடணும். ரூம்ல முடியல, ஞாயித்துக்கெழம வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன். கட்டில்ல சாஞ்சிக்கினு, தூங்கு, எழுந்திரு, தூங்கு, எழுந்திருன்னு பட்டனைத் தட்டிக்கினு இருக்கேன். என் சம்சாரம் சாந்தி கறி நறுக்கிக்கினே பாத்துக்கினு இருந்துது. நூத்திப் பத்தாவது கோட்டுல கத்தியைக் கீழ வெச்சிடுச்சி. "இன்னா பண்ற?"ன்னுது. வேலைன்னேன். "இன்னா வேலை?"ன்னுது. எழுப்பற வேலைன்னேன். இடுப்புல கைய வெச்சிக்கினு சொல்லிச்சி: "கல்யாணமான நாள்லேர்ந்து தெனம் காலையில உன்ன நான் எழுப்பறேன், எனக்கு எந்தக் கம்பெனிக்காரன்யா சம்பளம் குடுத்தான்?"

தகரத்துல தட்டற வியாதி

மேடம் டேபிள் மேல ரெண்டு நாளு சார்ஜு நின்ன மெசினு, தயாளன் கைக்குப் போன மொத நாளு பதினோரு மணிக்கு மண்டையைப் போட்டுடுச்சி. அப்ப அந்த மெசினுக்கு ஒரு வித்தை கத்துக்குடுத்திருந்தாங்க. கையில தூக்கினா தானா முழிச்சிக்கும், கீழ வெச்சா தானா தூங்கும். "ரோடு குலுக்குதுண்ணா, குலுக்கறத எல்லாம் தூக்கறாங்கன்னு நெனச்சி எழுந்துக்குது"ன்னாங்க மேடம். வாஸ்தவம்தான். அந்த ரோட்டை ரோடுன்னு சொன்னா மத்த ரோடெல்லாம் கோச்சிக்கும். சின்னக் குலுக்கலுக்கெல்லாம் எழுந்துக்காதேன்னு மேஸ்திரிக்கு எழுதினாங்க. மறுநாளு பன்னெண்டு மணிக்குச் செத்துச்சி. ஒரு மணி நேரம் ஆயுசு கூடியிருக்குது, அவ்ளோதான்.

எந்த நேரத்துக்கு யாரு எழுப்பினதுன்னு மேஸ்திரி உள்ளார குறிச்சி வெச்சிருப்பான். மேடம் ஒயரை மாட்டிப் படிச்சிப் பாத்தாங்க. தூக்கிட்டாங்க, தூக்கிட்டாங்க, தூக்கிட்டாங்கன்னு ஸ்கிரீன் பூரா அதேதான். "அண்ணா, இவரு மெசினை வெச்சி உரல்ல மெளகாயா இடிக்கறாரு? போயி பாத்துட்டு வாங்க"ன்னாங்க. மறுநாளு ஏறி பின்சீட்ல உக்காந்தேன். மொத ஸ்டாப்புலயே விஷயம் வெளிய வந்துடுச்சி. எங்க பக்கத்து பிரைவேட் பஸ்ஸுல விசிலு கிடையாது. பாடித் தகரத்துல ரெண்டு தட்டு தட்டினா போலாம், ஒரு தட்டுன்னா நில்லு. நான் உள்ளங்கையால தட்டுவேன். தயாளன் மெசினோட முதுகால தட்டறான். டங்கு டங்கு! பூதிகோட்டை போறதுக்குள்ள அத்தினி ஸ்டாப்பு, அத்தினி தட்டு. "ஏன்டா, உனக்குக் கை இல்லயா?"ன்னேன். கொஞ்சம் கூட வெக்கப்படாம சொன்னான்: "கையால தட்டினா கை வலிக்குதுண்ணே. இது கம்பெனி மெசினுதானே, வலிச்சா அதுக்குத்தானே வலிக்கும்?"

உசுரோட இருக்குதா?

தூக்கினா எழுந்துக்கற வித்தையே வேணாம், மஞ்சள் பட்டனை அமுக்கினாத்தான் எழுந்துக்கணும்னு மேடம் மாத்திட்டாங்க. இனிமே எவ்ளோ வேணா தட்டிக்கோ. அப்பவும் மூணு மணிக்கு மேல தாங்கல. இந்தவாட்டி ஸ்கிரீன் பூரா மஞ்சள் பட்டன், மஞ்சள் பட்டன். டிக்கெட்டே கிழிக்காத நேரத்துல கூட அமுக்கியிருக்கான். திரும்பப் போயி பின்சீட்ல உக்காந்தேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி பட்டனை அமுக்கி, வெளிச்சம் வந்ததும் தலைய ஆட்டிக்கினு பையில வெச்சிக்கறான்.

"இன்னாடா பண்ற?" "ஸ்கிரீனு கருப்பாயிடுதுண்ணே. தூங்குதா செத்துடுச்சான்னு எப்பிடித் தெரியும்? அதான் அமுக்கிப் பாக்கறேன்." "எழுந்துக்கினா?" "எழுந்துக்கினா தூங்கிக்கினு இருந்துச்சின்னு அர்த்தம்." "அதான் தெரிஞ்சிடுச்சே, அப்பால ஏன்டா அமுக்கற?" "அப்பால திரும்பக் கருப்பாயிடுதே, திரும்ப சந்தேகம் வருதே!" "உன் மாமியா தூங்கினா இப்பிடித்தான் எழுப்பி எழுப்பிப் பாப்பியா?"ன்னேன். "அவ்ளோ தைரியம் இருந்தா நான் ஏன் கண்டக்டருக்கு வர்றேன்"ன்னான்.

அவனைச் சொல்லிக் குத்தமில்ல. நாமளும் ஆஸ்பத்திரியில படுத்திருக்கற ஆளை மூச்சு இருக்குதான்னு பாக்கறவங்கதானே. மேடத்துகிட்ட சொன்னேன். ஸ்கிரீனு, பிரிண்டரு எல்லாம் தூங்கினாலும், ஓரத்துல ஒரு துளி பச்ச லைட்டு மட்டும் மூச்சு விடற மாதிரி மினுக்கிக்கினு இருக்கறாப்ல பண்ணிட்டாங்க. அது திங்கற சார்ஜு ஒண்ணுமே இல்லயாம். தயாளனுக்கு நிம்மதி. ஆனா மூணாவது சீட்டு பூக்காரம்மா ரெண்டு நாளு பொறுத்துப் பாத்துட்டு எழுந்து நின்னுடுச்சி: "டேய் தயாளா, உன் மெசினு என்னைப் பாத்துக் கண்ணடிக்குதுடா. நீ அடிச்சா செருப்பால அடிப்பேன், அத்த இன்னா பண்றது?"

அவசரத் தூக்கம்

இதுக்குள்ள மேடத்துக்கு ஒரு வெறி வந்துடுச்சி. ரெண்டு நொடி யாரும் தொடலன்னா உடனே தூங்கிடுன்னு மேஸ்திரிக்கு உத்தரவு போட்டாங்க. சார்ஜுன்னா அப்பிடி ஒரு சார்ஜு, சாயங்காலம் வரைக்கும் பாதி கூட கொறயல. ஆனா தூங்கறது சுளுவு, எழுந்துக்கறதுதானே கஷ்டம்? ஸ்கிரீனு எழுந்துக்கணும், அப்பால பிரிண்டரு எழுந்துக்கணும், அது சோம்பல் முறிக்கணும். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சுன்னு எண்ணணும். தயாளன் "எங்கம்மா போவணும்?"னு கேப்பான், அவங்க காசு எடுக்கறதுக்குள்ள மெசினு தூங்கிடும். எழுப்புவான். சில்லறை பாப்பான், தூங்கிடும். நெறஞ்ச பஸ்ஸுல ஒரு டிக்கெட்டுக்கு மூணு வாட்டி சுப்ரபாதம் பாடறான்.

கீரைக்கட்டு கூடையோட ஒரு அம்மா ஏறிச்சி. அடுத்த ஊருதான் போவணும். இவன் எழுப்பறான், அது தூங்குது, இவன் எழுப்பறான், அது தூங்குது. அந்த ஊரே வந்து பஸ்ஸு நின்னுடுச்சி. அந்தம்மா கூடைய எடுத்துத் தலையில வெச்சிக்கினு எறங்கினப்ப சொல்லிச்சி: "நீ பொறுமையா எழுப்பிக் காபி குடுத்து டிக்கெட் வாங்கி வெய்யி சாமி, நான் திரும்பி வரச்சொல்லோ வாங்கிக்கறேன்."

பாதி டிக்கெட்டு

ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல எவ்ளோ நேரம் ஆவும்னு மேடம் என்னைக் கேட்டாங்க. "கடைசி ஆளு டிக்கெட் வாங்கின அப்பால இருவது எண்ணுங்க மேடம், அப்ப தூங்கட்டும். நானும் அப்பிடித்தான் தூங்குவேன்"னேன். அப்பிடியே வெச்சாங்க. அந்தத் தொல்ல தீந்துச்சி, அடுத்த தொல்ல வந்துச்சி. நாப்பது டிக்கெட்டுக்கு ஒண்ணு பாதியில நின்னுடும். பஸ்ஸு பேரு வரும், ஊரு பேருல பாதி வரும், அவ்ளோதான். காயிதத்த வாயில கவ்விக்கினு பிரிண்டரு பேயறைஞ்ச மாதிரி நிக்கும்.

மூணு நாளு மேடம் சோறு தண்ணி இல்லாம தேடினாங்க. கண்டுபிடிச்ச அன்னைக்கு அவங்க அப்பா மத்தியான சாப்பாடு டப்பாவோட வந்திருந்தாரு. தங்கச் சுரங்கத்துல சாஃப்ட்டுன்னு சொல்ற குழி வாயில நின்னு, ஆளுங்கள ஏத்தி எறக்கற கேஜுக்கு மணி அடிச்ச மனுசன், இப்ப பென்ஷன்ல இருக்காரு. மேடம் எனக்கு வெளக்கிக்கினு இருக்காங்க: "அண்ணா, பிரிண்டருக்குக் கரண்டு ஒரு வாசல் வழியாத்தான் போவுது. பிரிண்டரு தூங்கின அப்பாலதான் வாசல் தூங்கணும். மேஸ்திரிக்கு அந்த நியாயம் தெரியும். ஆனா இந்த வாசலுக்கு உள்ளதான் பிரிண்டரு குடியிருக்குதுன்னு நான் எழுத மறந்துட்டேன். வாசல்ல யாரும் வரல போவலன்னதும், உள்ள ஒருத்தன் வேலை செய்யறது தெரியாம சாத்திட்டான்." அவங்க அப்பா டப்பாவ டேபிள்ல ணங்குன்னு வெச்சாரு. பொண்ணை மேலயும் கீழயும் பாத்தாரு. "ஏம்மா, கீழ லெவல்ல ஆளு இருக்கச்சொல்லோ, மேல கேஜு எஞ்சின் ஓட்டறவன் வூட்டுக்குப் போயி காலை நீட்டிட்டான்னு சொல்ற. எங்க ஷிப்டுல இத்தச் செஞ்சிருந்தா, உன்னைய மொதல்ல கேஜுல ஏத்தி எறக்கிட்டு அப்பாலதான் அவங்கள மேல ஏத்தியிருப்பாங்க!"

மஞ்சண்ணா வந்து உக்காந்த நாளு

மாசம் முடிஞ்சிது. காலையில மஞ்சண்ணா வெள்ள சட்டை, வெள்ள பேண்ட்டோட டிரைவருக்குப் பின்னாடி சீட்ல வந்து உக்காந்துட்டாரு. மெசினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நூறு பர்சென்ட்டு. "கடைசி டிரிப் கேஜிஎப் ஸ்டாண்டுக்கு வர்ற வரைக்கும் சார்ஜு போடக் கூடாது. பழைய புக்கு டிக்கெட் ஒண்ணு கிழிச்சாலும் ஆட்டம் குளோஸு. சரியேனப்பா?"ன்னு கன்னடம் கலந்து கேட்டாரு. சரின்னேன். என் பேண்ட்டு பாக்கெட்ல சோப்புக்கட்டி சைசுல ஒரு பவர் பேங்க் இருந்துது. மேடத்துக்குக் கூட தெரியாது. நான் யோக்கியன்தான், ஆனா பயந்த யோக்கியன்.

மத்தியானம் ஒரு மணிக்கு பூதிகோட்டையில நிக்கச்சொல்லோ அம்பத்தெட்டு. தேரு மாதிரி போயிக்கினு இருக்குது. நானும் தயாளனும் மஞ்சண்ணாவும் ஓட்டலுக்குப் போயிட்டோம். டிரைவரு சீனப்பா மட்டும் வூட்லேர்ந்து எடுத்தாந்த சோத்தத் தின்னுட்டு பஸ்ஸுலயே படுத்துட்டாரு. அவருக்குப் பாட்டு இல்லாம தூக்கம் வராது. எஞ்சினை நிறுத்திட்டு, அண்டா சைசுல ரெண்டு ஸ்பீக்கரு, சீலிங்ல ஊதா லைட்டு மால, எல்லாத்தையும் போட்டுக்கினு ஒரு மணி நேரம் தூங்கியிருக்காரு. அவரு தூங்கினாரு, பாட்டுப்பெட்டி தூங்கல. நாங்க திரும்பி வந்து ஏறினதும் சாவியைத் திருப்பினாரு. கிர்ர்... கிர்... டக்கு. பஸ் பேட்டரி காலி! ஒரு மாசமா தீப்பெட்டி சைசு பேட்டரிக்கு மூச்சு லைட்டு, மேஸ்திரி, வாசல்னு உசுர விட்டோமே, டிரங்குப்பெட்டி சைசு பேட்டரிய ஒருத்தரும் நெனச்சிப் பாக்கல.

எல்லாரும் எறங்கித் தள்ளினோம். மஞ்சண்ணாவும் வெள்ள பேண்ட்டோட தள்ளினாரு. மேட்டுல நிக்குது, அசையல. மஞ்சண்ணா கையைத் தொடச்சிக்கினே எங்கிட்ட வந்தாரு. "சம்பத்து, மெக்கானிக்குக்கு போன் போடணும். என் போன்ல சார்ஜு இல்ல. பவர் பேங்க் இருக்குதா?" வாய் யோசிக்கறதுக்குள்ள கை எடுத்து நீட்டிடுச்சி. வாங்கிச் சட்டப் பாக்கெட்ல போட்டுக்கினு போயிட்டாரு. அவ்ளோதான், என் தைரியம் அவரு பாக்கெட்ல போயிடுச்சி. மெக்கானிக்கு பங்காருபேட்டையிலேர்ந்து வேற பேட்டரி கொண்டாந்து மாட்டறதுக்குள்ள நாலு மணி. இனிமே கேஜிஎப் போறதுதான் கடைசி டிரிப்பு, அதுக்குள்ள ரெண்டு டிரிப்பு ஜனம் ரோட்டோரமா சேந்துடுச்சி. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் திருவிழாக் கும்பல். தயாளன் கிழிக்கறான், கிழிக்கறான், மெசினுக்குக் கண்ணை மூட நேரமே இல்ல. முப்பது, இருவத்திரெண்டு, பதினாலு. பங்காருபேட்டை தாண்டச்சொல்லோ ஒம்போது. பேட்டரிக் குறி செவப்பாயிடுச்சி.

நான் பிதுங்கிக்கினு முன்னாடி போயி மஞ்சண்ணா சட்டப் பாக்கெட்டைப் பாத்தேன். அது அங்கதான் இருக்குது. கேக்க முடியுமா? தயாளன் காதுல, "டேய், கிழிச்சி முடிச்சதும் கைய எடுத்துடு, சாமி சத்தியமா தொடாதே"ன்னேன். அது எப்பிடியோ பஸ் முழுக்கப் பரவிடுச்சி. சம்பத்துக்கு வேலை போவப் போவுதாம், மெசினு செத்தா ரூமைப் பூட்டிடுவாங்களாம்னு. ஒரு கொழந்தை வீல்னு கத்திச்சி. அதோட அம்மா வாயைப் பொத்தி, "சத்தம் போடாதடி, மெசினு தூங்குது, எழுந்துக்கப் போவுது"ன்னுது. சீனப்பாவுக்குக் குத்த மனசு போல, ஆரனே அடிக்காம ஓட்டறாரு. அந்த ரூட்ல ஒரு பஸ்ஸு அவ்ளோ அமைதியா போயி நான் பாத்தது இல்ல. எங்கம்மா காரியத்துக்குக் கூட ஜனம் அவ்ளோ அடக்கமா இல்ல.

ஸ்டாண்டுக்கு ஒரு ஸ்டாப்பு முன்னாடி மஞ்சண்ணா எழுந்து நின்னாரு. "இங்கேர்ந்து ஸ்டாண்டுக்கு எனக்கு ஒரு டிக்கெட் குடு"ன்னாரு. அவரு பஸ்ஸுல அவருக்கு டிக்கெட்டு! அப்ப ரெண்டு பர்சென்ட்டு. தயாளன் என்னைப் பாக்கறான், நான் மெசினைப் பாக்கறேன், பஸ் மொத்தமும் பச்ச லைட்டைப் பாக்குது. மஞ்சள் பட்டனை அமுக்கினான். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஸ்கிரீனு வந்துச்சி. நாலு. அஞ்சு. பூக்காரம்மா, "எழுந்திருடி என் ராசாத்தி"ன்னுது. டர்ர்ர்ர்ரு. ஊரு பேரு, காசு, அடியில இருக்கற கோடு வரைக்கும் முழு டிக்கெட்டு. பஸ்ஸே விசிலடிச்சிது. மஞ்சண்ணா டிக்கெட்டை மடிச்சி வெச்சிக்கினாரு. அதே பாக்கெட்லேர்ந்து பவர் பேங்க்கை எடுத்து என் கையில வெச்சாரு. வெச்சிட்டுச் சொன்னாரு: "தகோ, உன் சாமான். என் போன்ல நெறைய சார்ஜு இருந்துதப்பா. உன் பாக்கெட்டு காலையிலேர்ந்து உப்பிக்கினு இருந்துது, அதான் கேட்டு வாங்கி வெச்சேன். எட்டு பஸ்ஸுக்கும் மெசினு போடு. ஆனா அந்தப் பாட்டுப்பெட்டிக்கும் நீதான் பொறுப்பு."

ஆக, பாலகாட் ரூமு பூட்டல, மேடம் ரயிலேறல, எனக்கும் வேலை நிலைச்சிடுச்சி; ஆனா எட்டு மெசினும் தானாத் தூங்கித் தானா எழுந்துக்கறதால, இப்ப நான் சம்பளம் வாங்கறது தெனம் மத்தியானம் எட்டு டிரைவருக்கும் போன் போட்டு, "பாட்டை அணைச்சிட்டுத் தூங்குப்பா"ன்னு சொல்றதுக்குத்தான்.